களத்தில் கோடு போட்டு வாங்கிய பிக்கப்

போன ஆடி மாதம் தம்பி போன் பண்ணி, "அக்கா, இனிமே இந்த வண்டியைத் தள்ள முடியாது. புதுசு பார்த்துடலாம்" என்றான். எட்டு வருஷம் உழைத்த வண்டி. அவன் வாயிலிருந்து இந்த வார்த்தை எப்போது வரும் என்று நான் சில மாதங்களாகக் காத்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தோட்டம். தக்காளியும் முருங்கையும் முக்கியம், மற்றவை பருவத்துக்குத் தகுந்த மாதிரி. எங்கள் காயோடு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் காயையும் ஏற்றி மார்க்கெட்டில் சேர்ப்பது தம்பியின் வேலை. வாரத்துக்கு இரண்டு நடை வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறி சௌசௌ, பீன்ஸ், வாழைத்தார் இறக்கிக்கொண்டு வருவான். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். வரவு செலவு, வங்கி, இன்சூரன்ஸ் எல்லாம் என் கையில்.

புது வண்டிக்கு ஆர்டர் கொடுத்து முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. நம் ஊரில் ஓடும் நாலைந்து கம்பெனி வண்டிகளும் அவரவர் வேலைக்கு நல்ல வண்டிகள்தான். எந்த மாடல், எந்த நீளம், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கும் யாருக்காவது உதவும்.

கார் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாகப் புரியாது. பிக்கப்பில் ஒரே பெயருக்குள் பத்து வண்டி ஒளிந்திருக்கும். ஒன்றே கால் டன், ஒன்றரை டன், 1.7 டன், 2 டன். பாடி எட்டடி, ஒன்பதடி, பத்தடி. பாடியோடு வேண்டுமா, வெறும் கேபினும் சேஸிஸும் போதுமா. டீசலா, சிஎன்ஜியா. பவர் ஸ்டீயரிங், ஏசி. இத்தனையும் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று எழுத்துக்குள் அடங்கிவிடும். 2005-இல் டாடா ஏஸ் வந்து ஊரெல்லாம் குட்டியானை ஆன காலத்தில், வாங்குவதா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி. இன்றைக்கு எதை வாங்குவது என்பதே ஒரு படிப்பு.

முதலில் போன ஷோரூமில் எங்களை நேராக விலை கூடிய மாடலின் பக்கத்தில் நிறுத்தினார்கள். தொடுதிரை, புதுவித முகப்பு, சீட்டுத் துணியின் தையல் என்று விற்பனையாளர் வரிசையாகக் காட்டினார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாடிக்குத் தரையிலிருந்து எத்தனை உசரம் தம்பி?" என்றான். அது அவருக்குத் தெரியவில்லை. லோடு ஏற்றுகிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி. பாடியின் தரை இடுப்பளவில் இருந்தால் ஒரு ஆள் தனியாகப் பெட்டியை ஏற்றிவிடுவார், நெஞ்சளவுக்குப் போனால் மேலே ஒருவர் நின்று வாங்க வேண்டும். நூறு பெட்டிக்கு அந்த வித்தியாசம் அரை மணி நேரம், ஒரு ஆள் கூலி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தோம். ஷோரூம்காரர்கள் முகப்பிலிருந்து தொடங்கிப் பின்னால் போகிறார்கள். நாம் சரக்கிலிருந்து தொடங்கி முன்னால் வருவோம்.

தக்காளி எங்கள் பக்கத்தில் பெட்டிக் கணக்கு. ஒரு பெட்டி 14 கிலோ. நூறு பெட்டி என்றால் 1,400 கிலோ என்று வாயால் சொல்லிவிடுவோம். காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோ. நூறு பெட்டிக்கு 150 கிலோ. இத்தனை வருஷமாக இந்த 150 கிலோவை யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை! தம்பியும் உடன் போகும் பையனும் சேர்த்து 135 கிலோ. பக்கவாட்டில் உயர்த்திக் கட்டும் கம்பி அடைப்பு, தார்ப்பாய், கயிறு எல்லாம் 85 கிலோ. கூட்டினால் 1,770.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டியின் பெயரில் 1.3 என்றும் 1.7 என்றும் போட்டிருப்பது, அனுமதித்த மொத்த எடையிலிருந்து கம்பெனியை விட்டு வந்த காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவது. அந்தக் காலி வண்டியில் நாம் ஏறி உட்காருவதும், இரும்புக் கூண்டு கட்டுவதும், டூல் பெட்டி வைப்பதும் எல்லாமே அந்த 1.7-இலிருந்துதான் கழியும். வெறும் சேஸிஸாக வாங்கி வெளியில் கனத்த இரும்பில் பாடி கட்டுகிறவர்கள், சரக்குக்கான எடையில் ஒரு பங்கைத் தகரத்துக்கும் ஆங்கிளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மூடிய பெட்டி பாடி கட்டினால் இன்னும் கூடும். ரொட்டி, பால் பாக்கெட் கொண்டு போகிறவர்களுக்கு மூடிய பாடி தேவை. தக்காளிக்குக் காற்று வேண்டும், அதனால் எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

பழைய வண்டி ஒன்றே கால் டன் வகை. அதில் இத்தனை வருஷம் நூறு பெட்டி எப்படிப் போனது? ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். வாங்கிய மாதமே பட்டறையில் பின் ஸ்பிரிங் பட்டையில் இரண்டு பட்டை கூடச் சேர்த்தோம். வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்கிறவர்களுக்கு எடை தெரியாது. ஆனால் பட்டை சேர்த்ததால் ஆக்ஸில் தடிக்கவில்லை, பிரேக் பெரிதாகவில்லை, டயர் பலம் கூடவில்லை. டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும், பாருங்கள். 112 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும், 103 என்றால் 875 கிலோ. பின்பக்கம் இரண்டு டயர்தான் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. பாச்சலூர் இறக்கத்தில் தம்பி இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, பிரேக் தீயும் வாசனையோடு இறங்கி வந்த நாட்களை இப்போது நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கி வைக்கும் செலவும் நம்முடையது. விபத்து ஆனால், இன்சூரன்ஸ்காரர் நம் கிளெய்மில் கை வைக்க அதுவே ஒரு காரணமாகிவிடும்.

ஆக 1.7 டன் வகை என்று எடை விஷயம் முடிவானது. முடிவு செய்யும் முன் இன்னொன்றையும் யோசித்தோம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. ஒன்றே கால், ஒன்றரை டன் வண்டிகளில் பல இந்தக் கோட்டுக்குள் அடங்கும். 1.7 வாங்கினால் பெரும்பாலும் கோட்டைத் தாண்டிவிடுவோம், பர்மிட் எடுக்க வேண்டும், அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். சிறு வியாபாரம் செய்கிற பலர் இதற்காகவே சின்ன வண்டியோடு நின்றுவிடுகிறார்கள். சரக்கு உண்மையிலேயே ஆயிரத்துச் சொச்சம் கிலோ என்றால் அதுதான் புத்திசாலித்தனம். சின்ன வண்டியை வாங்கிப் பெரிய லோடு ஏற்றுவதற்கு அது காரணமாகக் கூடாது. லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

நீளம்தான் வீட்டில் சண்டை. அப்பாவுக்குப் பத்தடி. "வாங்கறதே ஒரு தடவை, பெருசாவே வாங்கு பாப்பா" என்றார். தம்பிக்கு ஒன்பதடி. பேசி முடியவில்லை. தம்பி எழுந்து போய், மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து எடுத்து வந்தான். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் டேப்பைப் பிடித்து ஒன்பதடிக்கு ஐந்தரை அடி ஒரு கட்டம் போட்டான். அதன் தலைமாட்டில் ஓரடி நீட்டி இன்னொரு கோடு. பிறகு காலிப் பெட்டிகளைக் கொண்டு வந்து அடுக்கத் தொடங்கினான்.

எங்கள் பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். ஒன்பதடியில் நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் ஐந்து. ஒரு அடுக்குக்கு முப்பது. பத்தடிக்குப் போனால் மிஞ்சுவது ஓரடி. அதில் பெட்டியைத் திருப்பிப் போட்டால் மூன்று பிடிக்கும். மூன்று அடுக்குக்கு ஒன்பது பெட்டி கூடுதல். 1.7 டன் கணக்குக்கு ஒன்பதடியில் மூன்று அடுக்கும் மேலே ஒரு ஐந்து பெட்டியும் வைத்தாலே எடை முடிந்துவிடுகிறது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி விரல் விட்டு எண்ணினார். "அப்போ அந்த ஓரடிக்கு என்னத்தை ஏத்தறது?" என்றார். தம்பி சிரித்துக்கொண்டே, "அதைத்தாம்பா நானும் கேக்கறேன்" என்றான்.

முருங்கைக்காய்க்கு மட்டும் பத்தடி நல்லது. கட்டு பெரிது, எடை குறைவு, இடம்தான் கேட்கும். காலிஃபிளவர் ஏற்றுகிறவர்களுக்கும் அப்படித்தான். எங்களுக்கு முருங்கை இருந்தாலும் பணம் கொடுப்பது தக்காளியும் மலைக்காயும்தான். நீளமான பாடியில் பின் சக்கரத்துக்கு அப்பால் பாரம் தொங்கும், முன்பக்கம் லேசாகும், ஏற்றத்தில் ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரி இருக்கும் என்று தம்பி சொன்னான். எல்லாவற்றுக்கும் மேல் எங்கள் தோட்டத்துப் பாதையில் கிணற்றுமேட்டுத் திருப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் கிணறு. ஒன்பதடி வண்டியே ஒரு முறை பின்வாங்கித்தான் திரும்பும்.

ஒன்பதடி.

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஆகஸ்டில் நாங்கள் வாங்கி வைத்திருந்த கொட்டேஷனில் ஷோரூம் விலை கிட்டத்தட்ட 10 லட்சம். வரி குறைந்ததும் அது சுமார் 78,000 ரூபாய் இறங்கியது. பத்து சதவீதம் குறைந்தால் ஒரு லட்சம் குறைய வேண்டாமா என்று தம்பி கேட்டான். வரி சேராத விலை 7.8 லட்சம், அதில்தான் பத்து சதவீதம் என்று எழுதிக் காட்டினேன். இந்த 78,000 கடனில் குறையட்டும் என்பது அப்பா கட்சி. ஷோரூமிலிருந்து வந்த போனில் அதே தொகைக்குத் தொடுதிரையுள்ள மேல் மாடலுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள்.

முதலில் சொன்ன காரணத்துக்கு இங்கே வருகிறேன்.

2017-இல் பழைய வண்டி வாங்கியபோது மாடலை முடிவு செய்தது நான். தம்பி அப்போது தோட்டத்தில் இருந்தான், நான் மட்டும் ஷோரூமில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத அடிமட்ட மாடலுக்கும் அடுத்ததற்கும் 35,000 ரூபாய் வித்தியாசம். லோடு வண்டிக்கு எதற்கு இதெல்லாம் என்று அடிமட்டத்தையே எழுதிவிட்டேன். மாதத் தவணையில் எழுநூறு, எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தது அவனுடைய தோள். லோடோடு மார்க்கெட்டுக்குள் வளைத்து நிறுத்துவது, மலையில் கொண்டை ஊசியில் இரண்டு கையாலும் இழுத்துத் திருப்புவது, எட்டு வருஷம். அவனுக்கு வயது முப்பத்தாறு. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. போன சித்திரையில் மதியம் இரண்டு மணிக்குக் காலி வண்டியோடு திரும்பி வரும்போது, கேபின் சூட்டில் கண் செருகி வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அவன் என்னிடம் சொல்லவில்லை. உடன் போகும் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்துதான், இந்த வண்டி போக வேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

அதனால் 78,000 எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவர் ஸ்டீயரிங், ஏசி, ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் சீட். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கிறது. அது மூன்றரை டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள வண்டிகளுக்குத்தான். பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கும் அதே வெயில்தான், ஆனால் வண்டி வாங்குகிறவர் மனசு வைத்தால்தான் ஏசி. வண்டிக்கு ஆள் வைத்து ஓட்டும் முதலாளிகள் இதை வாசித்தால் கேட்டுக்கொள்கிறேன், ஏசியை ஆடம்பரக் கணக்கில் எழுதாதீர்கள். தம்பி, "டீசல் குடிக்கும்க்கா" என்று தயங்கினான். குடிக்கட்டும் என்றேன். காலையில் மலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு, மதியம் போடு. கூடுதலாகப் போகிற டீசலை நான் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

மற்றவற்றில் அவ்வளவு யோசிக்கவில்லை. சிஎன்ஜியில் கிலோமீட்டருக்குச் செலவு குறைவு, ஊருக்குள்ளேயே ஓடுகிறவர்களுக்குச் சரி. சிலிண்டர் எடை லோடில் கழியும், மலைக்கு மேல் நிரப்ப இடமில்லை, அதனால் டீசல். பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தினமும் எட்டு, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியத் தொடங்கும். எங்களுக்கு மலை நடை இருப்பதால் கவலையில்லை. பாடி மூன்று பக்கமும் டோர் திறக்கிற வகை, பின்னால் மட்டும் திறப்பதை வாங்கினால் உள்ளே ஏறித்தான் அடுக்க வேண்டும். நிறம் வெள்ளை. சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தோம், இருக்கிறது.

கொட்டேஷனில் "ஆக்சஸரீஸ்" என்று ஒரே வரியில் 26,000 ரூபாய் போட்டிருந்தார்கள். பிரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். சீட் கவர், மிதியடி, ஸ்டிக்கர், பளபளக்கும் பம்பர் கம்பி, இன்னும் இரண்டு மூன்று. சீட் கவரும் மட்-ஃபிளாப்பும் மட்டும் போதும் என்று மற்றதை அடித்துக் கொடுத்தேன். முதலில் முடியாது என்றார்கள், பிறகு மேனேஜர் வந்து சரி என்றார். இன்சூரன்ஸும் அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான் போட வேண்டும் என்றில்லை. வெளியில் விசாரித்துப் பாலிசி எடுத்தோம். பணம் கட்டும் முன் ஆர்டர் தாளில் டன், பாடி நீளம், ஸ்டீயரிங், ஏசி, நிறம் ஐந்தும் எழுத்தில் இருக்கிறதா என்று தம்பியையே வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டது அவன்.

கார்த்திகையில் வண்டி வந்தது. முதல் தக்காளி லோடு எடுத்த அன்று, மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் எடை மேடையில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். பழக்க தோஷம், நூறு பெட்டி ஏற்றியிருந்தான். சீட்டைப் படமெடுத்து அனுப்பினான். ஆர்சியில் உள்ள மொத்த எடைக்கு மேல் 70 கிலோ. நான் பதில் எழுதும் முன்பே அடுத்த படம் வந்துவிட்டது. எடை மேடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைத் திண்ணையில் ஐந்து பெட்டி தக்காளி. கீழே, "இறக்கிட்டேன்க்கா. திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்."